விசா தற்காலிகம், வரி முழுசு: அமெரிக்காவில் வேலை பார்க்கும் தமிழர்கள் தடுக்கி விழும் இடம் எது?

கோவையிலிருந்து ஒரு மென்பொருள் பொறியாளர் எச்-1பி விசாவில் நவம்பர் 5-ஆம் தேதி டல்லாஸில் போய் இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த வருஷக் கடைசியில் அவரிடம் "நீங்க எந்த நாட்டுல குடியிருக்கறவர்?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வார்? யார் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

அமெரிக்கக் குடியேற்றத் துறையின் கணக்கில் அவர் 'நான்-இமிக்ரன்ட்'. அதாவது குடியேற வராதவர், ஒரு நாள் திரும்பிப் போக வேண்டியவர். அமெரிக்க வருமான வரித் துறையான ஐஆர்எஸ் கணக்கில், அந்த வருஷம் அவர் அங்கே இருந்தது 57 நாள்தான் என்பதால் 'நான்-ரெசிடென்ட்'. ஆனால் ஜனவரி பிறந்து தொடர்ந்து அங்கேயே இருந்துவிட்டால், அந்தப் புது வருஷத்துக்கு அவர் முழு 'ரெசிடென்ட்'. இந்திய வருமான வரித் துறையோ ஏப்ரல் 1 முதல் எண்ணும். நவம்பர் 4 வரை 218 நாள் இங்கே இருந்திருக்கிறார், 182-ஐத் தாண்டியாயிற்று. ஆகவே அந்த நிதியாண்டுக்கு அவர் இந்தியாவில் 'ரெசிடென்ட்'. டல்லாஸில் மார்ச் வரை வாங்கிய சம்பளத்தையும் இந்திய ரிட்டர்னில் காட்டியாக வேண்டும். நான்காவது, அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமா. அது நாளே எண்ணாது. வேலைக்காக விமானம் ஏறிய நாளிலிருந்தே அவர் இந்தியாவில் வசிக்காதவர்.

நான்கு பதிலும் சரி. நான்கும் ஒரே ஆளைப் பற்றியவை. வெளிநாட்டில் வேலை பார்க்கும் நம்மவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் ஏமாற்றும் எண்ணத்தால் அல்ல. ஒரு கவுன்டரில் கிடைத்த பதிலை இன்னொரு கவுன்டரில் கொண்டுபோய்க் கொடுப்பதால்தான். "நான்தான் இன்னும் கிரீன் கார்டே வாங்கலையே, நான் எப்படி ரெசிடென்ட் ஆவேன்?" என்ற கேள்வி நியாயமானதுபோல் தோன்றும். வரிச் சட்டத்துக்கு அந்த நியாயம் புரியாது.

நாள் எண்ணும் விதம்

கிரீன் கார்டு இல்லாத ஒருவர் வரிக்காக ரெசிடென்டா இல்லையா என்பதை ஐஆர்எஸ் ஒரு கணக்கு போட்டுப் பார்க்கிறது. இந்த ஆண்டில் இருந்த நாள்கள் முழுதாக. போன ஆண்டு நாள்களில் மூன்றில் ஒரு பங்கு. அதற்கு முந்தைய ஆண்டில் ஆறில் ஒரு பங்கு. கூட்டினால் 183 வந்து, இந்த ஆண்டில் குறைந்தது 31 நாளாவது இருந்திருந்தால் ரெசிடென்ட். வருஷத்துக்கு 122 நாள் வீதம் மூன்று வருஷம் போய் வருபவர்கூட மூன்றாவது வருஷத்தில் இந்த வலைக்குள் வந்துவிடுவார். 120 நாள் வீதம் போனவர் வெளியே நிற்பார். இரண்டு நாளில் இருக்கிறது வித்தியாசம்.

ரெசிடென்ட் ஆகிவிட்டால் என்ன? உலகத்தில் எந்த மூலையில் கிடைத்த வருமானமானாலும் அமெரிக்க ரிட்டர்னில் காட்ட வேண்டும். திருச்சியில் வாடகைக்கு விட்ட வீடு, ஊர் நிலத்துக் குத்தகை, என்ஆர்இ டெபாசிட்டின் வட்டி எல்லாம் அதில் அடக்கம். குத்தகைப் பணமும் என்ஆர்இ வட்டியும் இங்கே வரி இல்லாதவை. "இந்தியாவுலயே டாக்ஸ் ஃப்ரீ" என்ற வாக்கியம் அட்லான்டிக்கைத் தாண்டினால் செல்லாது. இங்கே கட்டிய வரியை அங்கே கழித்துக்கொள்ள வழி இருக்கிறது. இங்கே கட்டாத வரியைக் கழிக்க வழி ஏது?

மாணவர்கள் கதை வேறு. எஃப்-1 விசாவில் இருப்பவரின் முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகளின் நாள்கள் இந்தக் கணக்கில் சேராது. 2021 ஆகஸ்டில் போனவருக்கு 2021 என்பதே ஒரு முழு ஆண்டாக எண்ணப்படும். 2025-உடன் ஐந்தும் முடிந்துவிடும். அதுவரை அவர் தாக்கல் செய்ய வேண்டியது 1040-என்ஆர் படிவம். கூடவே வருமானமே இல்லாவிட்டாலும் 8843 படிவம்.

இங்கேதான் முதல் சறுக்கல். எல்லோரும் பயன்படுத்தும் டாக்ஸ் மென்பொருளில் நுழைந்து, அது கேட்டதையெல்லாம் நிரப்பி, 1040 என்ற ரெசிடென்ட் படிவத்தை அனுப்பிவிடுகிறார்கள் பல மாணவர்கள். ரீஃபண்டும் வந்துவிடும். "வந்துடுச்சுல்ல, அப்ப சரிதான்" என்று விட்டுவிடுவார்கள். ரீஃபண்ட் வந்ததால் ரிட்டர்ன் சரி என்று அர்த்தமில்லை. ஐஆர்எஸ் இன்னும் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். ரூம்மேட் சொன்னபடி கிளிக் செய்த அந்தப் படிவத்தைப் பல வருஷம் கழித்து, கிரீன் கார்டு நேரத்தில், வழக்கறிஞர் சொல்லித் திருத்த வேண்டிவரும்.

இதில் கசப்பான விஷயம், சரியாகத் தாக்கல் செய்தவருக்குச் சலுகைகளும் இருக்கின்றன என்பதுதான். நான்-ரெசிடென்ட்களுக்குப் பொதுவாக நிலையான கழிவு கிடையாது. ஆனால் 1989-இல் கையெழுத்தான இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21-ஆவது பிரிவு இந்திய மாணவர்களுக்கு அதைத் தருகிறது. 2024 வருமானத்துக்கு அது 14,600 டாலர். இன்னொன்று, அந்த ஐந்து ஆண்டுக்குள் ஓபிடி-யில் வேலை பார்க்கும் மாணவரின் சம்பளத்தில் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் பிடித்தம் கூடாது. இரண்டும் சேர்ந்து 7.65 சதவீதம். 80,000 டாலர் சம்பளத்துக்கு வருஷம் 6,120 டாலர். சின்ன நிறுவனங்களின் சம்பளப் பிரிவுக்கு இந்த விதி தெரியாது. எல்லோருக்கும் பிடிப்பதுபோல் பிடித்துவிடும். முதலில் நிறுவனத்திடம் கேட்க வேண்டும். தராவிட்டால் 843 படிவத்தில் ஐஆர்எஸ்-இடமே கேட்கலாம். பொதுவாக மூன்று ஆண்டுக் கெடு. கேட்காமலே அந்தக் கெடுவைத் தாண்டவிட்டவர்கள் ஏராளம்.

அப்பா பெயரில் சேர்த்துப் போட்ட எஃப்டி

அடுத்த இடம் இன்னும் வீட்டுக்குள் இருப்பது.

மகளோ மகனோ வெளிநாடு போகும்போது நம் வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. அப்பா தன் ஃபிக்ஸட் டெபாசிட்டில் அவர்கள் பெயரையும் சேர்த்துவிடுவார். "நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா நீ பேங்குக்கும் கோர்ட்டுக்கும் அலையக் கூடாது" என்பதுதான் காரணம். பணம் அப்பாவுடையது. வட்டி அப்பாவுக்கு. மகளுக்கு அந்தக் கணக்கு எந்தக் கிளையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. ஆனால் அமெரிக்காவில் வரி ரெசிடென்ட் ஆகிவிட்ட மகளுக்கு அது ஒரு 'வெளிநாட்டு நிதிக் கணக்கு'.

இப்படிப்பட்ட கணக்குகள் எல்லாவற்றின் அதிகபட்ச இருப்பும் சேர்ந்து, வருஷத்தில் ஒரே ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினாலும் எஃப்பார் என்ற அறிக்கை கொடுக்க வேண்டும். பத்தாயிரம் டாலர் என்பது இன்றைய மதிப்பில் 9 லட்சம் ரூபாய்க்கு முன்பின். பழைய சம்பளக் கணக்கில் 2 லட்சம், பிபிஎஃப்-இல் 3 லட்சம், அப்பாவோடு சேர்ந்த எஃப்டி 5 லட்சம். தாண்டியாயிற்று. சரண்டர் மதிப்பு உள்ள எல்ஐசி பாலிசியும் இதில் சேரும். இந்த அறிக்கையில் வரி எதுவும் இல்லை. இணையத்தில் இலவசமாகக் கொடுத்துவிடலாம். இது போவது ஐஆர்எஸ்-க்கு அல்ல, நிதித் துறையின் ஃபின்சென் என்ற வேறு அமைப்புக்கு. வருமான வரி ரிட்டர்னை ஒழுங்காகப் போட்டவர்களும் இதைத் தவறவிடுவதற்கு அந்தப் பிரிவினையே ஒரு காரணம். கெடு ஏப்ரல் 15. தவறினால் கேட்காமலே அக்டோபர் 15 வரை நீட்டிப்பு.

வரியே இல்லாத இந்தக் காகிதத்துக்கு அபராதம் மட்டும் பலமாக இருக்கிறது. தெரியாமல் விட்டாலே ஓர் அறிக்கைக்கு 10,000 டாலர் வரை என்பது சட்டத்தில் உள்ள அடிப்படைத் தொகை. விலைவாசிக்கு ஏற்ப அது ஏறிக்கொண்டிருக்கிறது. வேண்டுமென்றே மறைத்ததாக நிரூபித்தால் 1 லட்சம் டாலர் அல்லது கணக்கில் இருந்ததில் பாதி, எது அதிகமோ அது. 'ஓர் அறிக்கைக்கு' என்ற சொல்லைக்கூட உச்ச நீதிமன்றம்வரை போய்த்தான் பெற வேண்டியிருந்தது. ருமேனியாவில் பிறந்து அமெரிக்கக் குடியுரிமை பெற்ற அலெக்சாண்ட்ரு பிட்னர் என்பவர் ஐந்து ஆண்டுகளுக்கான அறிக்கைகளை உரிய காலத்தில் கொடுக்கவில்லை. அவற்றில் வர வேண்டியிருந்த கணக்குகள் 272. கணக்குக்குப் பத்தாயிரம் வீதம் 27.2 லட்சம் டாலர் கேட்டது அரசு. 2023 பிப்ரவரியில் 5-க்கு 4 என்ற பெரும்பான்மையில் வந்த தீர்ப்பு, அபராதம் அறிக்கைக்குத்தான், கணக்குக்கு அல்ல என்றது. 27.2 லட்சம் 50,000 ஆனது.

மறைந்திருந்து காலம் தள்ளலாம் என்பதும் இனி நடக்காது. 2010-இல் அமெரிக்கா கொண்டுவந்த ஃபாட்கா சட்டத்தின்கீழ், 2015 ஜூலையில் இந்தியா ஒப்பந்தம் செய்துகொண்டது. அமெரிக்க வரி ரெசிடென்ட்களின் கணக்கு விவரங்களை இந்திய வங்கிகள் திரட்டி அரசு வழியாக அனுப்புகின்றன. வங்கியிலும் மியூச்சுவல் ஃபண்ட் படிவத்திலும் "இந்தியாவுக்கு வெளியே வரி செலுத்துபவரா?" என்று ஒரு கேள்வி வருமே, அதுதான் இது. பல வீடுகளில் அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்று டிக் அடித்துக் கொடுப்பவர் ஏஜென்ட்.

மியூச்சுவல் ஃபண்ட் என்றதும் இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. ஊரில் மாதம் ஐயாயிரம் ரூபாய் எஸ்ஐபி ஓடுகிறது. நல்ல பழக்கம் என்று எல்லோரும் பாராட்டியது. அமெரிக்க வரிச் சட்டத்தில் இந்திய மியூச்சுவல் ஃபண்ட் 'பிஃபிக்' என்ற வகையில் விழுகிறது. வேறு தேர்வு எதுவும் செய்யாதவர் விற்கும்போது வரும் லாபத்தை, வைத்திருந்த ஆண்டுகளுக்குப் பிரித்து, முந்தைய ஆண்டுகளின் பங்குக்கு அந்தந்த ஆண்டின் உச்ச விகிதத்தில் வரி போட்டு, அதற்கு வட்டியும் கேட்பார்கள். ஒவ்வொரு ஃபண்டுக்கும் தனித்தனியாக 8621 படிவம். எஸ்ஐபி-யின் ஒவ்வொரு தவணையும் தனிக் கணக்கு. லாபத்தைவிட அந்தப் படிவத்தை நிரப்பும் ஆடிட்டர் கட்டணம் அதிகமாகிவிடுவது உண்டு. ஆகவே விமானம் ஏறுவதற்கு முன்பே, அதாவது ரெசிடென்ட் ஆவதற்கு முன்பே, அந்த ஃபண்டுகளை வைத்திருப்பதா விற்பதா என்று முடிவு செய்வது பலருக்கு லாபமாக இருக்கும். ஏறிய பிறகு யோசித்தால் அதே யோசனை விலை கூடியது.

ஏற்கெனவே தவறவிட்டவர்களுக்கு வழி அடைபட்டுவிடவில்லை. வருமானம் முழுதும் காட்டி எஃப்பார் மட்டும் விட்டுப்போயிருந்தால், காரணம் சொல்லித் தாமதமாகக் கொடுக்கலாம். வருமானமும் விட்டுப்போயிருந்தால், வேண்டுமென்று செய்யவில்லை என்ற உறுதிமொழியோடு 3 ஆண்டு ரிட்டர்ன், 6 ஆண்டு எஃப்பார் கொடுத்து, அமெரிக்காவில் இருப்பவர் கணக்கிலுள்ள தொகையில் 5 சதவீத அபராதத்தோடு முடித்துக்கொள்ளும் திட்டம் இருக்கிறது. ஐஆர்எஸ் கடிதம் வருவதற்கு முன் போனால்தான் இந்தக் கதவுகள் திறக்கும். "இந்த வருஷத்திலிருந்து சரியா போட்டுக்கலாம், பழசை யாரு பார்க்கப் போறா" என்பது நண்பர்கள் தரும் யோசனை. பழசைப் பார்ப்பதற்குத்தான் வங்கிகள் விவரம் அனுப்பிக்கொண்டிருக்கின்றன.

இந்தியப் பக்கமும் சுத்தமாக இல்லை. வேலைக்குப் போனதும் சாதாரண சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக மாற்றச் சொல்கிறது ஃபெமா. சென்னையில் ஒரு கணக்கு திறக்க ஆதார், பான், கைரேகை எல்லாம் கேட்கும் வங்கிகள், வாடிக்கையாளர் வெளிநாடு போகும்போது இதைத் தாமாகச் சொல்வது அபூர்வம். அமெரிக்க எண்ணிலிருந்து ஓடிபி கேட்கும் நாளில்தான் கிளைக்கு ஞானம் வருகிறது.

பாஸ்போர்ட்டில் ஒட்டியிருப்பது அல்ல

குடியேற்றக் காகிதங்களில் பல உண்டு. ஆனால் ஒன்றை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டால் பாதிக் கஷ்டம் குறையும்: ஐ-94.

சென்னை ஜெமினி பாலத்தடித் தூதரகத்தில் வரிசையில் நின்று வாங்கும் விசா ஸ்டாம்ப், அமெரிக்க வாசல்வரை போய்க் கதவைத் தட்ட ஓர் அனுமதி. அவ்வளவுதான். உள்ளே எத்தனை நாள் இருக்கலாம் என்பதைச் சொல்வது, விமான நிலையத்தில் அதிகாரி பதிவு செய்யும் ஐ-94. அதை யாரும் கையில் தருவதில்லை. இணையத்தில் போய் எடுத்துப் பார்க்க வேண்டும். எச்-1பி அனுமதி 2028 வரை இருக்கும்; பாஸ்போர்ட் 2027 மார்ச்சில் காலாவதி ஆகும் என்றால், அதிகாரி 2027 மார்ச் வரைதான் போட்டுக் கொடுப்பார். பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் அந்தத் தேதி தானாக நீளாது. நீட்டிப்பு மனு போட வேண்டும், அல்லது வெளியே போய்ப் புது பாஸ்போர்ட்டோடு திரும்ப வர வேண்டும். விசாவில் 2028 என்று இருப்பதை நம்பி வேலை பார்த்துக்கொண்டிருப்பவர், தெரியாமலே சட்டவிரோதமாகத் தங்கியவர் ஆகிறார். அந்தத் தங்கல் 180 நாளைத் தாண்டிய பின் நாட்டைவிட்டு வெளியேறினால் மூன்று ஆண்டு திரும்ப வரத் தடை. ஓர் ஆண்டு ஆகியிருந்தால் பத்து ஆண்டு. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊருக்குக் கிளம்பியவர் தூதரகத்தில் இதைக் கேள்விப்படுவதைவிடக் கொடுமை வேறு இல்லை.

வீடு மாறினால் 10 நாளுக்குள் ஏஆர்-11 படிவத்தில் குடியேற்றத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். ஐஆர்எஸ்-க்குச் சொன்னாலோ அஞ்சலகத்துக்குச் சொன்னாலோ கணக்கில் வராது. வேலை போனால் 60 நாள் வரை அவகாசம். அதற்குள் இன்னொரு நிறுவனம் மனு செய்ய வேண்டும், விசா வகை மாற்றம் கேட்க வேண்டும், இல்லையென்றால் கிளம்ப வேண்டும். குடியேற்றத் துறையிடம் இந்த 60 நாளுக்காகக் கெஞ்சும் அதே வருஷம், வரித் துறைக்கு அவர் முழு ரெசிடென்ட்டாகவே இருப்பார். லே-ஆஃப் பணத்துக்கும் வரி உண்டு.

பேரனைப் பார்க்கப் போன தாத்தா

யாரும் எதிர்பார்க்காத இடம் இது. பிரசவத்துக்கு என்று போகும் அம்மா, கூடவே போகும் அப்பா. பி-2 விசாவில் வழக்கமாக ஆறு மாதம் கொடுப்பார்கள். முதல் வருஷம் 175 நாள். கணக்கில் 183-க்குக் கீழே. அடுத்த வருஷம் குழந்தையை டே-கேரில் விட மனசு வராமல் மறுபடி 175 நாள். இப்போது 175-உடன் போன வருஷத்தின் மூன்றில் ஒரு பங்கு 58-ஐக் கூட்டினால் 233. விசா விதி ஒன்றையும் மீறாத, அமெரிக்காவில் ஒரு டாலர்கூடச் சம்பாதிக்காத ஓய்வுபெற்ற ஆசிரியர், தன் பென்ஷனோடும் எஃப்டி வட்டியோடும் அமெரிக்க வரி ரெசிடென்ட் ஆகிவிட்டார்.

விடுபட வழி இருக்கிறது. அந்த வருஷத்தில் 183 நாளுக்குக் குறைவாக இருந்து, வீடு, குடும்பம், வங்கி எல்லாம் இந்தியாவில்தான் என்று காட்ட முடிந்தால், 8840 படிவத்தை ஜூன் 15-க்குள் அனுப்பலாம். ஆனால் அதே வருஷத்தில் அவர் கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்திருந்தால் இந்த வழி மூடிவிடும். "அப்பா அம்மாவுக்கும் கார்டு போட்டுடலாம்" என்று பிள்ளைகள் எடுக்கும் பாசமான முடிவுக்கு இப்படி ஒரு வால் இருப்பதை வழக்கறிஞர்களும் சொல்வதில்லை. அவர்கள் குடியேற்ற வழக்கறிஞர்கள், வரி அவர்கள் பாடம் இல்லை. ஆடிட்டரோ விசாவைப் பற்றிக் கேட்க மாட்டார். இருவரையும் ஒரே மேசையில் உட்கார வைப்பது வாடிக்கையாளர் வேலையாகிவிடுகிறது.

கார்டு வந்துவிட்டால் நாள் கணக்கே கிடையாது. கார்டு இருக்கும் ஒவ்வொரு வருஷமும் அவர் வரி ரெசிடென்ட். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று தஞ்சாவூருக்கே திரும்பிவந்து, கார்டைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாலும் அப்படித்தான். கார்டின் தேதி முடிந்துபோனாலும் வரிக் கடமை முடியாது. ஐ-407 படிவம் கொடுத்து முறையாக ஒப்படைத்தால்தான் முடியும். 15 ஆண்டுகளில் 8 ஆண்டு கார்டு வைத்திருந்தவர் ஒப்படைக்கும்போது, சொத்து மதிப்பைப் பொறுத்து, வெளியேறும் வரி என்ற தனிக் கணக்கும் வரலாம்.

இரண்டு அலுவலகங்களும் ஒன்றையொன்று பார்க்காது என்று நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். குடியுரிமை கேட்கும் என்-400 விண்ணப்பத்தில், கார்டு வாங்கிய பிறகு எந்த வரி ரிட்டர்னிலாவது உங்களை நான்-ரெசிடென்ட் என்று சொல்லிக்கொண்டீர்களா என்று ஒரு கேள்வி இருக்கிறது. வரியை மிச்சப்படுத்த 1040-என்ஆர் போட்ட கார்டுதாரர், தானே நிரந்தர வசிப்பை விட்டுவிட்டதாக எழுதிக் கொடுத்தவர்போல் ஆகிறார். பெற்றோருக்கு ஸ்பான்சர் செய்யும் மகனிடம் குடியேற்றத் துறை கேட்கும் முதல் காகிதங்களில் ஒன்றும் அவருடைய வரி ரிட்டர்ன்தான். வரித் தாளில் வருமானத்தைக் குறைத்துக் காட்டி, ஸ்பான்சர் தாளில் கூட்டிக் காட்ட வழியில்லை.

தனிமனிதரால் தீராத ஒன்று

மேலே சொன்னவை எல்லாம் ஒருவர் விழிப்பாக இருந்தால் தப்பிக்கக்கூடியவை. ஒன்று மட்டும் அப்படி இல்லை. எச்-1பி-யில் இருப்பவரின் சம்பளத்தில் 6.2 சதவீதம் சோஷியல் செக்யூரிட்டிக்குப் போகிறது. நிறுவனமும் அதே அளவு கட்டுகிறது. அதிலிருந்து முதுமை ஓய்வூதியம் பெற 40 வரவுகள் வேண்டும். வருஷத்துக்கு நான்குக்கு மேல் கிடைக்காது, அதாவது குறைந்தது பத்து வருஷ வேலை. எச்-1பி வழக்கமாக ஆறு வருஷம். 24 வரவோடு ஊர் திரும்புபவருக்கு அந்தப் பணம் போனது போனதுதான். எடுத்துக்கொள்ளவும் முடியாது, ஊருக்கு மாற்றவும் முடியாது.

இரு நாட்டு வேலைக்காலத்தையும் சேர்த்து எண்ணும் ஒப்பந்தம் ஒன்று இருந்தால் இது தீரும். ஜெர்மனி, ஜப்பான், கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளோடு இந்தியாவுக்கு அப்படி ஒப்பந்தங்கள் இருக்கின்றன. அதே நாடுகளோடு அமெரிக்காவுக்கும் இருக்கின்றன. இந்தியாவும் அமெரிக்காவும் மட்டும் தங்களுக்குள் செய்துகொள்ளவில்லை. டெல்லி பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறது. ஒவ்வொரு வர்த்தகப் பேச்சிலும் விவசாயப் பொருள், மருந்து, மோட்டார் சைக்கிள் என்று பட்டியல் வருகிறது. அங்கே உழைத்தவர்கள் கட்டிய பணம் கடைசிப் பக்கத்துக்குப் போய்விடுகிறது. வெளிநாட்டு இந்தியர்களை மேடைகளில் பாராட்டுவதற்கு முன் அரசு முடிக்க வேண்டிய வேலை இது.

திரும்பி வந்த பிறகு

ஊர் திரும்பியதும் இதே கதை கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிப் போட்டு நடக்கிறது. நீண்ட காலம் வெளியே இருந்தவருக்கு இந்திய வரிச் சட்டம் இரண்டு, மூன்று ஆண்டு இடைக்கால நிலை ஒன்றைத் தருகிறது. அந்தக் காலத்தில் வெளிநாட்டு வருமானத்துக்குப் பெரும்பாலும் இங்கே வரி இல்லை. அது முடிந்து முழு ரெசிடென்ட் ஆனதும், ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணை காத்திருக்கும். அமெரிக்காவில் விட்டுவந்த 401(கே) ஓய்வூதியக் கணக்கு, பழைய நிறுவனப் பங்குகள், மூடாமல் விட்ட வங்கிக் கணக்கு எல்லாம் அதில் வர வேண்டும். நம் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கினாலும் இந்த அட்டவணை ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான கணக்கைக் கேட்கிறது. பலர் தவறு செய்வது அந்த வரியில்தான்.

காட்டாமல் விட்டால் 2015-ஆம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதம். 2024 அக்டோபரிலிருந்து, வீடு, நிலம் தவிர்த்த சொத்துகளின் மொத்த மதிப்பு 20 லட்சத்துக்குள் இருந்தால் அந்த அபராதம் இல்லை என்று தளர்த்தியிருக்கிறார்கள். அபராதம்தான் இல்லை, காட்ட வேண்டிய கடமை அப்படியே இருக்கிறது. டல்லாஸ் கணக்கில் 300 டாலர் கிடந்தாலும், ஏறக்குறைய பத்து வருஷத்துக்கு முன் நவம்பரில் விமானம் ஏறிய அந்தப் பொறியாளர் இப்போது அதை இங்கே எழுதிக் கொடுக்க வேண்டும்.